எங்கே நின்று எடுத்தார்?

எங்கள் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் புகைப்படப் பைத்தியம். போன ஞாயிற்றுக்கிழமை அவனும் நானும் ராயபுரம் ரயில் நிலையத்தின் பழைய தூண்களைப் பார்க்கப் போயிருந்தோம். வழியெல்லாம் ஒரே கேள்விதான்: "மாமா, பெரிய போட்டோக்காரர்கள் எல்லாம் என்ன காமிரா வைத்திருந்தார்கள்? என்ன லென்ஸ்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "எந்தப் பேனாவில் எழுதுகிறீர்கள்?" என்று என்னையும் சிலர் கேட்பதுண்டு. ஆனால் பேனாவின் விஷயம் வேறு, காமிராவின் விஷயம் வேறு. பேனா எழுதுகிறவனை எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வதில்லை. லென்ஸ் சொல்லிவிடுகிறது.

பிரெஞ்சுக்காரரான கார்ட்டியே-பிரெஸ்ஸானை எடுத்துக் கொள்ளுங்கள். கைக்கு அடக்கமான லைக்கா காமிரா. பெரும்பாலும் 50 மில்லி மீட்டர் லென்ஸ். பளபளக்கும் பாகங்களின் மேல் கறுப்பு நாடா ஒட்டி மறைத்துக் கொள்வார். 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் அவர் இருந்தார். அந்த லென்ஸ் தொலைவில் இருப்பதை இழுத்துக் காட்டாது. ஒரு முகம் வேண்டுமென்றால் அந்த முகத்தின் அருகே நடந்துதான் போக வேண்டும்.

"சரி மாமா, நம்ம ஊர்ப் பக்கம்?" என்றான் பிள்ளை.

நம்ம ஊர்ப் பக்கத்துக் கதை அவ்வளவு இனிமையானதல்ல. இருந்தாலும் சொன்னேன்.

1876-இல் பருவமழை பொய்த்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் தென்னாட்டிலும் தக்காணத்திலும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 1877 ஜனவரி முதல் தேதி விக்டோரியா மகாராணியைச் சக்கரவர்த்தினி என்று அறிவிக்க டில்லியில் தர்பார் நடந்தது. அதே மாதத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கணக்குப் போட்டார். இது உயிர் தாங்காது என்று சென்னையின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் மன்றாடினார்.

சென்னைத் துறைமுகம் அப்போது கட்டி முடியவில்லை. மசூலாப் படகுகளில் வந்து இறங்கிய தானிய மூட்டைகள் கடற்கரை மணலிலே மலை மலையாகக் குவிந்து கிடந்தன. ராயபுரத்தை அடுத்த மணியக்காரர் சத்திரமோ 1782-இல் பஞ்சத்துக்குக் கஞ்சி ஊற்றவென்றே தோன்றியது. பின்னாளில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி முளைத்தது அதன் வேரிலிருந்துதான். 1806-இலேயே எண்ணூர் வரை வெட்டியிருந்த கால்வாயின் தொடர்ச்சியாக, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே எட்டுக் கிலோ மீட்டர் வெட்டியவர்கள் இந்தப் பஞ்சத்துக் கூலிகளே. கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. வெட்டியவர்களின் பெயர் ஒன்றும் நிலைக்கவில்லை.

இந்தப் பஞ்சத்தைப் படம் எடுத்தவர் சென்னைக் குதிரைப்படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர். அந்தக் காலத்தில் வழங்கிய முறையைக் கேளுங்கள். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காயும் முன் காமிராவில் செருகிப் படம் எடுத்து, ஈரம் இருக்கும்போதே கழுவிவிட வேண்டும். சென்னை வெயிலில் அந்த ஈரம் எத்தனை நேரம் நிற்கும்? ஆகவே காமிரா போகுமிடமெல்லாம் இருட்டுக் கூடாரமும் போக வேண்டும். தகடு எத்தனை பெரிதோ படமும் அத்தனை பெரிது என்பதால், பெட்டியும் பெரிது. அதைத் தாங்க முக்காலி. லென்ஸின் மூடியைக் கழற்றிச் சில விநாடி காத்திருந்து மறுபடி மூட வேண்டும். அதுவரை எதிரே இருப்பவர் அசையக் கூடாது.

ஹூப்பரின் முகாம் படங்களில் ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். விலா எலும்பை எண்ணலாம். படங்கள் தெளிவாகவே இருக்கின்றன. அவர்களிடம் அசைவதற்குச் சக்தி எங்கே இருந்தது?

"அது காமிராவின் குற்றம்தானே, மாமா?" என்றான் பிள்ளை. பாதி உண்மை. ஆடாமல் இருக்கச் சொன்னது காமிரா. வரிசையில் உட்கார வைத்தது மனிதர். 'கைவிடப்பட்டவர்கள்', 'இலவச நிவாரணத்துக்கு உரியவர்கள்' என்பது போன்ற தலைப்புகளின் கீழே ஒரு பெயர்கூட இல்லை. இதற்குச் சில ஆண்டுகள் முன்னால் இதே ஹூப்பர், நண்பர் ஒருவருடன் சேர்ந்து புலி வேட்டைக் காட்சிகளை ஒவ்வொன்றாக ஏற்பாடு செய்து படம் எடுத்து விற்றவர். 1886-இல் மாண்டலேயில், சுட்டுக் கொல்ல நிறுத்தப்பட்ட பர்மியக் கைதிகளைத் தோட்டா பாயும் கணத்தில் படம் பிடிக்க முயன்றார். அது லண்டன் வரை எட்டி, விசாரணை நடந்து, கண்டனமும் பெற்றார். 1878-இலேயே ஈரமில்லாத தகடுகள் கடைக்கு வந்துவிட்டன. கூடாரம் தேவையில்லாமற் போயிற்று. கருவி மாறியும் மனிதர் நின்ற இடம் மாறவில்லை.

ஆனாலும் ஹூப்பரைத் தூக்கி எறிந்துவிட எனக்கு மனம் வரவில்லை. பத்திரிகையாசிரியர் வில்லியம் டிக்பி பஞ்சத்தைப் பற்றி இரண்டு பெரிய பாகங்கள் எழுதினார். கணக்கெல்லாம் அதில் உண்டு. முகம் வேண்டுமென்றால் ஹூப்பரிடம்தான் போக வேண்டும். ஈரமற்ற மனிதரின் ஈரத் தகடுதான் அந்த ஏழைகளுக்கு மிஞ்சிய ஒரே சாட்சி.

இன்றைக்கு இந்த வடசென்னையில் படம் எடுத்து வருகிறவர்களில் எம். பழனி குமார் ஒருவர். மதுரைக்காரர், தாயார் மீன் விற்றுக் குடும்பம் நடத்தியவர். மலக்குழியில் இறங்கி மாண்ட தொழிலாளிகளின் வீடுகளுக்குப் போய்ப் படம் எடுத்திருக்கிறார். அவர் படங்கள் வெளியாகும் 'பாரி' என்னும் கிராமிய ஆவணக் களஞ்சியத்தில் படத்தில் இருப்பவர்களுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, அவர்கள் சொன்ன சொல் உண்டு. இன்னும் ஒன்று செய்தார்: வியாசர்பாடிப் பிள்ளைகளின் கையில் காமிராவைக் கொடுத்து எடுக்கக் கற்றுக் கொடுத்தார். ஹூப்பரின் காலத்தில் அந்த வரிசையில் உட்கார வைக்கப்பட்டிருக்கக் கூடிய பிள்ளைகள் இப்போது லென்ஸுக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

திரும்பும்போது பிள்ளை பேசாமல் வந்தான். கல்மண்டபத்தருகே மீன்கூடையை இறக்கி வைத்துக் கொண்டிருந்த ஒரு பாட்டியம்மாளைப் பார்த்ததும், பழக்க தோஷம், காமிராவைத் தூக்கினான். பிறகு என்ன நினைத்தானோ, கீழே இறக்கிவிட்டுப் பக்கத்தில் போய், "பாட்டி, உங்க பேர் என்ன?" என்றான்.

"எதுக்குடா கண்ணு, ரேஷன் கார்டு தரப் போறியா?" என்றாள் பாட்டி, சிரித்துக்கொண்டே.

படம் எடுத்தானா என்று கேட்காதீர்கள். அரைப் படி நேரம் பேசிவிட்டு, கால் கிலோ வஞ்சிரத்தோடு வந்து சேர்ந்தான்.