கீழ்வரம்பு மேல்வரம்பாகுமா? 2,700 கலோரி விதியும் பீர்மேட்டுத் தோட்டப் பெண்களும்

கேரளத்தின் பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் உணவைப் பற்றி எழுதியவர்கள் இரு அணியாக நிற்கின்றனர். கூலி வரலாற்றை எழுதியவர்கள் 1957இல் பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்த 2,700 கலோரி விதியை உழைக்கும் உடலின் தேவையைச் சொன்ன ஆவணமாகக் கொள்வர்; தோட்டக் கூலி அதை எட்டவில்லை என்று காட்டுவர். அண்மைக் கால உடல்நல எழுத்தில் ஒரு போக்கு அதே வகை எண்ணை மறுபக்கத்திலிருந்து எடுத்தாள்கிறது. மலையில் உழைப்பு குறைந்தது, சாப்பாடு குறையவில்லை, மிஞ்சியது கொழுப்பாகச் சேர்ந்தது, ஆகவே கலோரியை எண்ணிச் சாப்பிட வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்பது அதன் வாதம். முதல் அணி குறையைக் கணக்கிடுகிறது, இரண்டாம் அணி மிகையைக் கணக்கிடுகிறது. அந்த எண் ஓர் உடலை அளந்து பெற்றது என்ற நம்பிக்கை இரண்டுக்கும் பொது. இக்கட்டுரை மறுப்பது அந்த நம்பிக்கையை. 2,700 என்பது கூலியை வகுக்கப் பயன்பட்ட பெருக்கெண். கொழுந்தெடுக்கும் பெண்ணின் உழைப்பு அந்தக் கணக்கில் எங்கும் ஏறவில்லை. அப்படியிருக்க, அக்கணக்கோடு ஒரே மரபில் வந்த அட்டவணையைக் கொண்டு அவள் தட்டுக்கு மேல்வரம்பு விதிப்பது பிழை என்பதே என் முடிபு.

தீர்மானத்தை முழுதாக வாசித்தல்

மாநாட்டுத் தீர்மானத்தின் உணவு விதி மட்டும் தனியே பிரித்து மேற்கோள் காட்டப்படுவது வழக்கமாகிவிட்டது. மிதமான உழைப்புள்ள சராசரி இந்தியருக்கு, ஊட்டச்சத்து ஆய்வாளர் டாக்டர் அக்ராய்டு பரிந்துரைத்தபடி, நாளொன்றுக்கு நிகரமாக 2,700 கலோரி என்பது அந்த விதி. தனியே வாசித்தால் இது உடலியல் கூற்றாகவே தோன்றும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விதி இருக்கிறது. சம்பாதிப்பவர் ஒருவருக்கு மூன்று நுகர்வு அலகுகள் கொண்ட குடும்பத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும், பெண்கள், குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் வருமானத்தைச் சேர்க்கக் கூடாது என்கிறது அது. பின்னால் வருபவை ஆளுக்கு ஆண்டுக்கு 18 கெஜம் துணி; வீட்டு வாடகை; எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்கு 20 விழுக்காடு ஆகியவை. குடும்பக் கணக்கின் நடுவில்தான் 2,700 வருகிறது. மூன்றால் பெருக்குவதற்காகவே அது அங்கே இருக்கிறது.

மூன்று அலகுகளின் பகிர்வு தெரிந்ததே. கணவனுக்கு 1, மனைவிக்கு 0.8, குழந்தைகள் இருவருக்கும் தலா 0.6. பெருக்கிப் பார்த்தால் மனைவிக்கு 2,160, குழந்தைக்கு 1,620, குடும்பத்துக்கு 8,100 கலோரி. மனைவியின் வருமானத்தைச் சேர்க்காததால் இந்தக் கணக்கில் அவள் வீட்டிலிருப்பவள். ஓர் ஆணின் கூலி குடும்பத்தையே தாங்க வேண்டும் என்று வாதாடிய தொழிற்சங்கங்களுக்கு அது வெற்றி. கோயம்புத்தூர், பம்பாய் ஆலைத் தொழிலாளிக்கு அது உண்மையான ஆதாயம்.

தேயிலைத் தோட்டத்தில் நிலைமை தலைகீழ். அங்கே கொழுந்தெடுப்பு பெரும்பாலும் பெண்கள் கையில். காலையில் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வந்து, நிரை பிடித்து, சரிவில் ஏறி இறங்கி, கொழுந்தைச் சுமந்து நிறுவைக்குக் கொண்டுவருபவர்கள் அவர்கள். தோட்ட முதலாளிகள் இதைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டனர். கணவனும் மனைவியும் இருவருமே வேலை செய்கிறார்கள், ஆகவே ஒருவருக்கு 1.5 அலகு போதும் என்று வாதிட்டனர். கூலி வரலாற்றாசிரியர்கள் இது விதியை நீர்த்துப்போகச் செய்தது என்று கண்டிக்கிறார்கள். கண்டனம் சரிதான். ஆனால் அவர்கள் வாசிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது.

கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம். 1.5 அலகு என்றால் 4,050 கலோரி. இருவருக்கும் சேர்த்து அதே 8,100. மனைவி வீட்டிலிருந்தபோதும் 8,100தான், தோட்டத்துக்குப் போனபோதும் 8,100தான். வேலைக்குப் போனதால் அவள் வருமானம் கணக்கில் ஏறியது. வேலை செய்ததால் அவள் உடல் செலவிட்ட ஆற்றல் ஏறவில்லை. 0.8 அப்படியே நின்றது. முதலாளிகளின் வாதம் விதியைக் குறைத்தது என்பதைவிட, விதிக்குள் முதலிலிருந்தே இருந்த ஒரு வெற்றிடத்தை அது வெளிக்காட்டியது என்பதே எனக்கு முதன்மையாகப் படுகிறது. அந்த வெற்றிடம் உழைக்கும் பெண்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு மித உழைப்பில் 2,130 கலோரி வேண்டும். 1957இன் 2,160 அதற்கு மிக அருகில் நிற்கிறது. அப்படியானால் 0.8 சரிதானே என்று கேட்கலாம். கொழுந்தெடுப்பு மித உழைப்பு என்று முன்பே முடிவு செய்துவிட்டால் மட்டுமே அது சரி. அதே பரிந்துரையில் கடும் உழைப்புள்ள பெண்ணுக்கு 2,720. அது ஏறத்தாழ 1957இல் ஆணுக்கு ஒதுக்கிய முழு அலகு. உட்கார்ந்த வாழ்க்கையுள்ள பெண்ணுக்கு 1,660. ஒரே எடையுள்ள பெண் எந்த வகைக்குள் வைக்கப்படுகிறாள் என்பதைப் பொறுத்து 1,060 கலோரி வேறுபடுகிறது. அது ஏறக்குறைய 300 கிராம் அரிசி.

ஒரு பெண் ஆண்டு முழுவதும் ஒரே வகையில் இருப்பதும் இல்லை. கொழுந்து வெடித்து வரும் மாதங்களில் அவள் நாள் ஒன்று. ஆண்டின் தொடக்கத்தில் வெயிலுக்குக் கொழுந்து குறையும் மாதங்களில் வேறொன்று. லயத்துக்கு (தோட்ட வரிசை வீட்டுக்கு) திரும்பிய பிறகு விறகு, தண்ணீர், சமையல் என்று தொடரும் வேலைக்குத் தோட்டத்துக் கணக்கேட்டில் இடமே கிடையாது. எடை குறைக்க விரும்புபவருக்கு வழக்கமாகச் சொல்வது நாளுக்கு 500 கலோரி குறையுங்கள் என்பது. வகைப்படுத்துவதில் நேரும் தவறு அந்த 500ஐ விட இரு மடங்கு பெரியதாக இருக்கலாம் என்றால், மேல்வரம்பு எங்கிருந்து வருகிறது?

தோட்டம் எதை நிறுத்தது

தோட்டம் அளந்ததெல்லாம் கொழுந்தின் எடையை. 2015 செப்டம்பரில் கேரளத்தின் மற்றொரு தேயிலை மலையான மூணாறில் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் பெண்கள், தொழிற்சங்கத் தலைமைகளை ஒதுக்கிவிட்டுச் சாலைக்கு வந்தபோது நாள் கூலி 232 ரூபாய். 20 விழுக்காடு போனசும் 500 ரூபாய் கூலியும் கேட்டார்கள். அக்டோபர் உடன்பாட்டில் கூலி 301 ரூபாயாயிற்று. அதே உடன்பாட்டில் நாள்தோறும் எடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக உயர்ந்தது. கூடுதலாக எடுத்து, சுமந்து வர வேண்டிய அந்த நான்கு கிலோவுக்கு எந்த உணவு அட்டவணையிலும் நிரை இல்லை. 2,700 உடலின் அளவாக இருந்திருந்தால், நிறுவைக் களத்தில் எண் ஏறியபோது உணவுக் கணக்கும் ஏறியிருக்க வேண்டும்.

அந்த எண்ணே கூட நிலையாக நிற்கவில்லை. 2019இல் மத்திய அரசின் நிபுணர் குழு 2,400 கலோரி, 50 கிராம் புரதம், 30 கிராம் கொழுப்பு, குடும்பத்துக்கு 3.6 அலகு என்று பரிந்துரைத்தது. 2020இன் வரைவு ஊதிய விதிகள் மீண்டும் 2,700க்கும் 3 அலகுக்கும் திரும்பின. ஓரிரு ஆண்டுக்குள் இந்தியத் தொழிலாளியின் உடல் மாறிவிடவில்லை. மாறியது பங்கீட்டுக் கொள்கை.

குன்னூர் அட்டவணையின் நோக்கம்

அக்ராய்டு 1935 முதல் 1945 வரை குன்னூர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநர். பாஸ்டர் நிறுவன வளாகத்தில், தேயிலை மலைகளின் நடுவே இருந்த அக்கூடம் 1937இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பை அட்டவணையாக வெளியிட்டது. 1958இல் கூடம் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. சி. கோபாலன் தலைமையில் 1971இல் விரிந்த அட்டவணை, 2017இல் புதுப்பித்த உணவுக்கூறு அட்டவணை இரண்டும் அங்கிருந்து வந்தவை. மருத்துவமனை உணவுத்தாள்களும் கைபேசிச் செயலிகளும் காட்டும் இந்திய உணவு எண்கள் பல இந்த மரபுக்குக் கடன்பட்டவை.

உணவுப் பக்கத்து எண்களில் எனக்குக் குறை இல்லை. நூறு கிராம் அரிசியில் சுமார் 350, சர்க்கரையில் சுமார் 400 கலோரி என்பது உறுதியானது. அட்டவணை பிறந்த நோக்கத்தை மறந்துவிடுவதுதான் சிக்கல். அது பற்றாக்குறையைத் தீர்க்கப் பிறந்தது. குன்னூர்க்காரர்கள் வகுத்த உணவுத் திட்டத்தில் தானியத்தோடு பருப்பும் கீரையும் பாலும் இருந்தன. கூலித் தீர்மானத்தின் விதியில் எஞ்சியது ஓர் எண் மட்டும். கீழ்வரம்பாக இருக்கும்வரை அந்த எண் சற்றுக் கூடினால் கெடுதல் இல்லை. ஒருவருக்கு ஒரு கைப்பிடி அரிசி கூடுதலாகக் கிடைக்கும். மேல்வரம்பானதும் பிழையின் திசை திரும்பிவிடுகிறது. பரிந்துரைத்த ஆற்றல் அளவு சராசரி என்பதால் ஏறத்தாழப் பாதிப் பேரின் தேவை அதற்கு மேல்தான் இருக்கும். ஊருக்கு அரிசி ஒதுக்க அது போதும். ஒருத்தியின் தட்டை அளக்கப் போதாது.

மூடிய தோட்டங்களும் எடையும்

2000ஆம் ஆண்டு தொடங்கிப் பீர்மேட்டு வட்டாரத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டதை இரண்டாம் அணி தன் சான்றாகக் காட்டும். தோட்டம் மூடியதால் உழைப்பு நின்றது என்பது அவசர முடிவு. மூடிய தோட்டங்களில் பெண்கள் தங்களுக்குப் பிரித்துவிட்ட செடிகளில் கொழுந்தெடுத்துத் தாங்களே விற்றனர்; ஜீப்பில் ஏலக்காட்டுக்குப் போயினர்; பின்னர் நூறு நாள் வேலைக்கும் போயினர். உழைப்பு சிதறியது, ஒழுங்கு கெட்டது. கூலி நின்ற வீட்டில் முதலில் குறைவது பருப்பும் மீனும். ரேஷன் அரிசியும் இனிப்புத் தேநீரும் கடைசிவரை நிற்கும்.

எடைப் பிரச்சினை இல்லை என்று சொல்ல வரவில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி உடல் நிறைக் குறியீடு 25 அல்லது அதற்கு மேல் உள்ள கேரளப் பெண்கள் 2015-16இல் 32.4 விழுக்காடு, 2019-21இல் 38.1. மாநிலச் சராசரியை லயத்துக்கு அப்படியே பொருத்துவது தவறு. எனினும் தோட்டப் பெண் இதற்கு விலக்கு என்றும் கொள்ள முடியாது. சோகையே பெரிய பிரச்சினை, எடையைப் பிறகு பார்க்கலாம் என்பாருக்கு ஒரே பதில்: இரண்டும் ஒரே பெண்ணிடம் இருக்க முடியும்.

அறிவுரையின் கணிப்பு முறையும் தளர்ந்ததே. 7,700 கலோரிக்கு ஒரு கிலோ என்ற நேர்க்கணக்கு 1958இல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி எழுதியதிலிருந்து பரவியது. அதன்படி நாளுக்கு 240 கலோரி குறைத்தால் ஓராண்டில் பதினொரு கிலோவுக்கு மேல் இறங்க வேண்டும். எடை இறங்க இறங்க உடலின் செலவும் இறங்கும் என்பதைச் சேர்த்துக் கெவின் ஹால் குழு 2011இல் போட்ட கணக்கில் முதல் ஆண்டில் இறங்குவது சுமார் 5 கிலோ, பல ஆண்டுகளில் சுமார் 10. பழைய கணக்கை நம்பும் ஆலோசகர் ஐந்து கிலோ குறைந்து வந்தவளைப் பார்த்து, ஒளித்துச் சாப்பிடுகிறாள் என்று ஐயுறுவார். அவள் சொன்னபடி நடந்தவள்.

உடற்பயிற்சிக் கணக்கிலும் இதே நிலை. தான்சானியாவின் ஹட்சா வேடர் மக்களிடம் ஹெர்மன் பான்ட்சர் குழு எடுத்து 2012இல் வெளியிட்ட அளவீடு, உடல் அளவைக் கணக்கில் கொண்ட பின் அவர்கள் நாளாந்த ஆற்றல் செலவு நகரவாசிகளுடையதை ஒத்தே இருப்பதாகக் காட்டியது. இதைக் கொண்டு உழைப்புக்கே உணவு வேண்டாம் என்று வாதிப்பது வீண். கூடுதல் அசைவுக்கெல்லாம் உடல் நேர்விகிதத்தில் கலோரி செலவிடுவதில்லை என்பதே அதன் பாடம். ஆகவே அட்டவணையிலிருந்து உடலைக் கணிப்பது இரு பக்கமும் நம்பத்தகாதது.

வழி என்ன? கணக்கைத் தலைகீழாகத் திருப்புவது. வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டே சில வாரம் எடை பார்த்தால், எடை நிலையாக நிற்கும்போது வரவும் செலவும் சமம் என்பது எந்த வகைப்பாடும் இல்லாமல் தெரிந்துவிடும். அதிலிருந்து தெரிந்த ஒன்றைக் குறைக்க வேண்டும். கோப்பைக்கு இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு நாளுக்கு ஆறு கோப்பை தேநீர் குடிப்பவர் அந்தச் சர்க்கரையை விட்டாலே 240 கலோரி போகும்; அரிசியில் ஒரு பங்கைப் பயறுக்கு மாற்றினால் பசியும் அடங்கும். எடை என்ன செய்கிறது என்று பார்த்து அடுத்த அடி. இதுவும் கலோரிக் கணக்குதான், அளவுகோல் அவள் உடல். உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் தொழிலையும் வீட்டு வேலையையும் உடலியக்கமாகவே கொள்கிறது. நாள் முழுதும் சரிவில் நின்றவளுக்கு மாலை நடையைவிட முதுகுக்கும் முழங்காலுக்கும் வலுவூட்டும் பயிற்சி பொருந்தும். வேலை இல்லாத மாதங்களில் வாரம் 150 நிமிட விரைநடை தேவை.

இதன் பொறுப்பைப் பெண்ணின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. உச்ச நீதிமன்றம் 1991இல் ராப்டகாஸ் நிறுவனத் தொழிலாளர்களின் கூலி வழக்கில் 1957 விதிகளோடு கல்வி, மருத்துவம் முதலியவற்றுக்கு 25 விழுக்காடு சேர்த்தது, அலகுகளைத் தொடவில்லை. உழைக்கும் பெண்ணை முழு அலகாக ஏற்பதும், கலோரியோடு புரதத்தையும் கூலியில் கணக்கிடுவதும் செய்யப்படாதவரை, அவளிடம் எண்ணிச் சாப்பிடச் சொல்பவர்கள் தாங்கள் எண்ணத் தவறியதை அவள் மேல் சுமத்துகிறார்கள்.