வாடி (புத்தளம் கரையோரம்)

வாடி என்பது இலங்கையின் வடமேற்குக் கரையில், சிலாபம் தொடங்கிக் கற்பிட்டித் தீபகற்பத்தையும் அதற்கு வடக்கிலுள்ள தீவுகளையும் தழுவிய பகுதியில், மீன்பிடிப் பருவத்துக்காகப் போடப்படும் தற்காலிகக் கொட்டில். தென்னங்கிடுகு, கம்பு, தும்புக் கயிறு ஆகியவற்றால் ஆனது. மின்கம்பி எட்டாத வெறும் மணலில் நின்றும் உள்ளே வெக்கை தங்காதது இதன் சிறப்பு. அண்மைக்காலமாக இக்கரையில் வந்து நிற்கும் கேரவன் வண்டிகள் மின்கலமும் விசிறியும் கொண்டு தேடுவதும் இதைத்தான்.

வரலாறு

1344இல் மொரோக்கோப் பயணி இப்னு பதூதா இக்கரையில் இறங்கினார். அவர் பத்தாலா என்று குறித்த ஊர் புத்தளமே. யாழ்ப்பாண அரசன் ஆரியச் சக்கரவர்த்தி தங்கியிருந்த அச்சிறு நகரை மரவேலியும் மரக்கோபுரங்களும் சூழ்ந்திருந்தன என்று அவர் எழுதியிருக்கிறார். அரசன் இருந்த ஊரே மரத்தால் நின்ற கரையில் கல்லும் சுண்ணாம்பும் பின்வரவு. ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கற்பிட்டியில் எழுப்பிய கோட்டை புத்தளம் களப்பின் வாயிலைக் காக்கவும் கண்டி அரசின் வணிகத்தை மறிக்கவும் உதவியது. தடித்த சுவர் பகல் வெயிலை உள்ளே விடாது. ஆனால் வாங்கிய வெப்பத்தை இரவு நெடுக விட்டுக்கொண்டே இருக்கும். காவலுக்கு ஏற்ற கட்டடம், உறக்கத்துக்கு அல்ல.

வழிப்பயணிகள் வேறு வழி கண்டிருந்தனர். கண்டி அரசில் 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில், படைவீரர் தாளிப்பனை ஓலையை விசிறிபோல் மடித்துச் சுமந்து, தங்குமிடத்தில் விரித்துக் கூடாரமாக்கியதை விவரிக்கிறார். தீவின் நடமாடும் கூரைகளில் எழுத்தில் பதிவான பழையவற்றுள் இது ஒன்று. புத்தளம் வரை நீண்ட கால்வாயில் ஓடிய தட்டையடிச் சரக்குப் படகுகளுக்கும் வளைந்த ஓலைக்கூரைதான். இரட்டைமாட்டுக் கரத்தையின் கூண்டும் அவ்வகையே. முன்னும் பின்னும் திறந்த அந்தக் கூண்டுக்குள் காற்று நுழைந்து வெளியேற எதுவும் தடையில்லை. இன்றைய கேரவன் வண்டியின் அடைத்த பெட்டியைப் பார்த்தால், சக்கர வீடு இவ்விடயத்தில் பின்னோக்கித்தான் வந்திருக்கிறது.

வாடிகளைப் பயன் கருதி உறங்கும் வாடி, வலையும் எஞ்சினும் வைக்கும் வாடி, கருவாட்டு வாடி எனப் பிரிக்கலாம். தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வரும் யாத்திரிகர் போடும் குடில்களையும் நான்காவதாகச் சேர்ப்பது தகும். பத்தலங்குண்டு போன்ற தீவுகளில் பருவ வாடிகள் ஊராகவே மாறிவிட்டன.

கூரையும் காற்றும்

கற்பிட்டி ஏறத்தாழ 8 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. ஏப்ரல் முற்பாதியிலும் ஒகஸ்ட் கடைசியை ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். எனவே வெயில் தாக்குவது சுவரையல்ல, கூரையை.

தென்னோலையின் மட்டையை நெடுக்காகப் பிளந்து, களப்பு நீரில் சில நாள் ஊறப்போட்டு, ஈரம் காயுமுன் இதழ்களைக் குறுக்கும் மறுக்குமாகப் பின்னினால் கிடுகு. உவர்நீர் ஏறிய ஓலையைக் கறையான் எளிதில் தொடாது. கிடுகுகளை ஒன்றன்மேல் ஒன்று நெருக்கி வேயும்போது அடுக்குகளுக்கிடையே காற்று சிறைப்படுகிறது. வெப்பத்தைத் தடுப்பது ஓலையை விட அந்தக் காற்றுதான். முகட்டருகே ஓலைச் சந்துகளால் சூடான காற்று கசிந்து வெளியேறும். தட்டிச் சுவருக்கும் தாவாரத்துக்கும் நடுவே ஒரு சாண் திறந்து விட்டால் கடற்காற்று தலைக்கு மேலாகப் போகும். படுத்திருப்பவர் முகத்தில் மணல் விழாது. மே முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் சோழகம் எனும் தென்மேற்குக் காற்றுக்கு நேரே வாசல் வைத்தால் காற்றோடு மணலும் சோற்றுப்பானை வரை வரும்.

ஈரத்தால் குளிர்விக்கும் முறை இங்கே அதிகம் பலிக்காது. காற்று 30 பாகை செல்சியசும் ஈரப்பதன் 75 வீதமும் இருக்கையில், நீரை ஆவியாக்கி வெப்பநிலையை 26 பாகைக்குக் கீழே இறக்க முடியாது. இராசத்தானில் 40 பாகை வறள்காற்றில் நன்றாக உழைக்கும் நீர்க்குளிரூட்டி, கற்பிட்டியில் பாயை நனைப்பதோடு சரி.

கிடுகுக்கு எதிராகச் சொல்லப்படுபவை இரண்டு: தீப்பற்றும், ஓரிரு ஆண்டில் மாற்ற வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்து கிடுகுக் கொட்டில்களில் வாழ்ந்தனர். ஆண்டுதோறும் வேயும் செலவு தாங்காதவர்களுக்குத் தகரம் வசதியாகப்பட்டது. மழைக்கு அது நல்லதுதான், வெயிலுக்கு அல்ல. வெயில் ஏறிய சில நிமிடங்களில் தகரமே அடுப்பாகி, கீழிருப்போர் மீது வெப்பத்தை வீசும்.

இன்றைய நிலை

கண்டக்குழி, கப்பலடிப் பக்கங்களில் பட்டச் சறுக்கு விளையாட்டுக்கு வருவோருக்கான குடில்கள் பெருகியுள்ளன. கேரவன் வண்டிகளும் வருகின்றன. 900 மெகாவாட் நுரைச்சோலை அனல்மின் நிலையம் இதே தீபகற்பத்தில் இருந்தும் கரையோர மணலில் நிற்பவர் மின்கலத்தையே நம்ப வேண்டியுள்ளது. சிறு குளிரூட்டி ஒன்று ஆறு மணி நேரம் விடாமல் ஓடினால் ஏறக்குறைய 5 அலகு மின்சாரம் தேவை. 12 வோல்ட், 100 அம்பியர்-மணி மின்கலம் தருவதோ 1.2 அலகு. 30 வாட் விசிறி பத்து மணி நேரம் சுற்றினாலும் 0.3 அலகுதான் செலவாகும். ஆகவே குளிரூட்டியை விட்டு விசிறியை நம்பி, வெப்பம் உள்ளே ஏறாமல் பார்த்துக்கொள்வதே வழி. மின்கலத்தை நிறைக்கும் சூரியத் தகடுகளைக் கூரையோடு ஒட்டாமல் ஒரு சாண் உயர்த்திப் பொருத்துவதே சிறந்தது. அடியில் காற்று ஓடும், வண்டிக்கு நிழலாகும், சூடேறினால் விளைச்சல் குறையும் தகடும் ஓரளவு குளிர்ந்திருக்கும்.