சத்திரம் இருந்த ஊரில் படுக்க இடமில்லை

மலருக்கு நம்ம பக்கத்துச் சரித்திரம் ஏதாவது எழுதிக் கொடுங்க என்று கூட்டமைப்பில் கேட்டார்கள். ராஜா கதையாகத்தான் ஆரம்பிக்கிறேன். ஆனால் அது நம்ம பஸ் ஸ்டாண்டில் வந்து முடியும்.

ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தை நம்மில் பார்க்காதவர்கள் குறைவு. சுமார் 1802-ல், தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தில் கட்டியது. முத்தாம்பாள் மன்னரின் அன்புக்குரிய பெண்மணி. அவர் பெயரால்தான் இந்த ஊருக்கு முத்தாம்பாள்புரம் என்றும் பேர் இருந்தது. நீடாமங்கலத்தில் இருப்பது யமுனாம்பாள் சத்திரம். தஞ்சையிலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியெல்லாம் இப்படி அரண்மனைப் பெண்கள் பேரில் சத்திரங்கள் இருந்தன.

சத்திரம் என்றால் சோறு போடுகிற இடம் என்று மட்டும் நினைக்கிறோம். 1801-ல் சரபோஜி கும்பெனி அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். நிர்வாகம் கும்பெனி கைக்குப் போய்விட்டது. சத்திர தருமத்தையாவது நிறுத்திவிடாதீர்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம். அங்கே என்னென்ன நடக்கிறது என்று அதில் விவரமாகச் சொல்கிறார். எந்த சாதிக்காரர் வந்தாலும் சாப்பாடு உண்டு. நோயில் விழுந்தவருக்கு மருந்து உண்டு. கைக்குழந்தைக்குப் பால் உண்டு. கர்ப்பிணி வந்து அங்கேயே பிரசவமானால் செலவு சத்திரத்துடையது. பிள்ளை பெற்ற பிறகும் மூன்று மாசம் தங்கலாம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை வாத்தியார் பொறுப்பில் விட்டு மூணு வேளை சோறு போட்டு, நாலு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய் தேய்த்து விடுவார்களாம். இருநூறு வருஷத்துக்கு முந்தி, பச்சை உடம்புக்காரிக்கு மூணு மாசம் இடம்! படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குறையும் இருந்தது, மறைக்கக் கூடாது. அந்தக் காலத்துச் சத்திரங்கள் பலவற்றில் சாதிக்கு ஒரு பந்திதான். எல்லாரும் ஒண்ணு என்று 1867-ல் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கியவர் வள்ளலார். அன்று மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை.

அப்புறம் சத்திரங்கள் ஏன் போயின? ரயில் வந்தது. 1914-ல் பாம்பன் பாலமும் வந்த பிறகு ராமேஸ்வரத்துக்கு யார் நடந்து போவார்கள்? வழிப்போக்கர் குறையக் குறைய சத்திரத்துக்கு வேலையும் குறைந்தது. கட்டடங்களில் பள்ளிக்கூடம், மாணவர் விடுதி என்று வந்தன. அதுவும் நல்ல காரியம்தான். வீட்டுக்கு வீடு இருந்த திண்ணையும் போய் கிரில் கேட் வந்துவிட்டது. ஆனால் போக்கிடம் இல்லாதவர்கள் மட்டும் போய்விடவில்லை. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் வீடில்லாதவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். அதில் 8.3 லட்சம் பேருக்கு மேல் கிராமப்புறத்தில்தான்.

வீடில்லாமல் இருப்பது எப்படி என்று நமக்கே ஒரு நாள் தெரிந்தது. 2018 நவம்பர் 16, கஜா புயல். ஓடு போச்சு, கூரை போச்சு, தென்னை எல்லாம் சாய்ந்தது. பள்ளிக்கூடத்தில்தான் எல்லாரும் படுத்தோம். பஸ் ஸ்டாண்டில் கிடந்த பாட்டி ஒருத்தரும் எங்களோடு வந்து படுத்தார். நாங்கள் சமைத்ததைச் சாப்பிட்டார், வெங்காயம் உரித்துக் கொடுத்தார். யாரும் அவரைத் தள்ளி வைக்கவில்லை. ஏனென்றால் அன்றைக்கு எல்லாருமே ஒண்ணுதான்.

முகாம் முடிந்தது. நாங்கள் தார்பாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். பாட்டி பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பிப் போனார். அடுத்த குழுக் கூட்டத்தில் யார் வீட்டுக்கு எவ்வளவு சேதம், யாருக்கு எவ்வளவு உள்கடன் என்று தீர்மான நோட்டில் எல்லாம் எழுதினோம். அந்தப் பாட்டியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அந்த நோட்டை எழுதியது நான்தான். மறு மழைக்காலத்தில் பாட்டியைக் காணோம். எங்கே போனார் என்று நாங்கள் யாரும் விசாரிக்கக்கூட இல்லை.

சட்டம் ஒன்றும் இல்லாமல் இல்லை. லட்சம் பேருக்கு ஒரு தங்கும் விடுதி, அது வருஷம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அந்தக் கணக்கிலேயே நகரங்களுக்கு விடுதித் திட்டம் போட்டது. அந்த விடுதிகளை நடத்த நம்மைப் போன்ற சுய உதவிக் குழுக்களுக்கும் வழி வைத்தது. ஆனால் லட்சம் பேர் இல்லாத நம்ம பேரூராட்சியும் ஊராட்சியும் அந்தக் கணக்கில் விழாது. சின்ன ஊரில் நாமாகச் செய்தால்தான் உண்டு.

நாம் சத்திரம் கட்ட வேண்டியதில்லை. இன்றைக்கே செய்யக்கூடியவை இவை:

பிள்ளைகள் கைவிட்ட பெற்றோர் என்றால், 2007 சட்டப்படி கோட்டாட்சியரிடம் ஜீவனாம்சம் கேட்டு மனு கொடுக்கலாம். எழுதத் தெரிந்தவர் கூடப் போனால் போதும். முதியோர் உதவிக்கு 14567, பெண்களுக்கு 181.

மனநலம் பாதித்து அலைகிறவர் என்றால் விரட்டக் கூடாது, கட்டிப் போடக் கூடாது. 2001-ல் ஏர்வாடியில் சங்கிலியில் இருந்த 28 பேர் தீயில் கருகிப் போனதை மறக்க முடியுமா? 2017 மனநலச் சட்டப்படி, போலீஸ் அவரைப் பாதுகாப்பாக அழைத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். நாம் போய்ச் சொல்ல வேண்டும்.

மழைக்காலத்தில் நம்ம கூட்டமைப்புக் கட்டடத்தை ராத்திரி பூட்டித்தான் வைத்திருக்கிறோம். ஒரு பாய், ஒரு போர்வை, ஒரு குடம் தண்ணீர், முறை வைத்து ரெண்டு பேர் துணை. இதற்கு எவ்வளவு ஆகும் என்று நமக்குக் கணக்குப் போடத் தெரியாதா?

அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வரப் போகிறேன். முதல் வரியில் அந்தப் பாட்டியை எழுதுவேன். பேர் தெரியாது. பஸ் ஸ்டாண்டுப் பாட்டி என்றே எழுதுகிறேன். கையெழுத்துப் போட எல்லாரும் வாங்க.