எட்டுப் பேர் மேசை

நம் ஊர்க் கோப்பிக் கடைகளில் முன்பின் தெரியாதவரோடு மேசையைப் பகிர்வது யாருக்கும் புதிதில்லை. மதியம் பன்னிரண்டரைக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு இடம் தேடுகிறோம். "ஆள் இருக்கா?" என்று கண்ணாலேயே கேட்கிறோம். எதிரில் இருப்பவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி கைப்பேசிக்குள் போய்விடுகிறார். பதினைந்து நிமிடம் முழங்கை இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அவர் முகம்கூட நினைவில் நிற்காமல் எழுந்துபோகிறோம்.

பயணிகள் கப்பல்களில் இதற்கு நேர்மாறான ஒரு வழக்கம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. முதல் நாள் மாலை உங்களுக்கு ஒரு மேசை எண் தருவார்கள். போய்ப் பார்த்தால் யாரென்றே தெரியாத ஆறேழு பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார்கள். பயணம் முடியும்வரை அதே மேசை, அதே முகங்கள், பரிமாறுகிறவர்கூட அதே ஆள். பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழ முடியாது. ஒரு நாள் முடியலாம். நான்காவது நாளும் அப்படியே செய்தால் அது சண்டை மாதிரி ஆகிவிடும்.

இந்த வழக்கத்தின் கதையைத் தேடிப் படித்தபோது இரண்டு விஷயங்கள் என்னை நிறுத்தின. இதைத் தொடங்கிவைத்தது விருந்தோம்பல் இல்லை, இடப் பற்றாக்குறை. இதை முடித்துவைத்ததில் நம் ஊர் நிறுவனம் ஒன்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

1840-இல் குனார்ட் நிறுவனத்தின் 'பிரிட்டானியா' லிவர்பூலிலிருந்து அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியது. மரத்தாலான, துடுப்புச் சக்கரம் வைத்த நீராவிக் கப்பல். நூற்றுச் சொச்சம் பயணிகள்தான். அவர்கள் உட்காரவும் படிக்கவும் சாப்பிடவும் இருந்தது ஏறக்குறைய ஒரே ஒரு கூடம். 1842 ஜனவரியில் சார்ல்ஸ் டிக்கன்ஸ் இதில்தான் அமெரிக்கா போனார், அந்தக் கூடத்தை நன்றாகவே கிண்டல் செய்து எழுதியும் வைத்தார். அக்காலக் கப்பல்களில் கூடத்தின் நீளத்துக்கு மேசைகள் போட்டிருப்பார்கள். கடல் கொந்தளிக்கும்போது தட்டு வழுக்கி மடியில் விழாமலிருக்க மேசையில் மரச்சட்டங்களைப் பொருத்துவார்கள். பின்னால் வந்த கப்பல்களில் நாற்காலிகளையே தரையோடு திருகி முடுக்கினார்கள். உட்காருமிடம் மட்டும் சுழலும், நாற்காலி நகராது. ஆக, பிடிக்காத ஆளிடமிருந்து அரை அடி தள்ளி உட்காரக்கூட வழியில்லை.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம் (பொறியாளன் எழுதினால் இதைச் சகித்துத்தான் ஆகவேண்டும்). 2,000 பயணிகள், 1,000 இருக்கை உள்ள ஒரு கூடம். சாப்பாட்டை இரண்டு பந்தியாகப் போட்டால் எல்லோருக்கும் சரியாக இடம் இருக்கும், ஆனால் ஒரு நாற்காலியும் காலியாக இருக்கக் கூடாது. கப்பலில் வருகிறவர்களில் நிறையப் பேர் இரண்டு இரண்டு பேராக வருகிறவர்கள். நால்வர் மேசையில் ஒரு தம்பதியை மட்டும் உட்காரவைத்தால் பாதி இடம் வீண். எட்டுப் பேர் மேசையில் நான்கு தம்பதிகளை உட்காரவைத்தால் ஒன்றும் வீணாகாது. அதோடு, எந்த மேசை எத்தனை மணிக்கு நிரம்பும் என்று சமையலறைக்கு முன்கூட்டியே தெரியும். ஆயிரம் தட்டு சூப்பை ஒரே நேரத்தில் ஊற்றலாம். நான் வேலை செய்கிற தொழிற்சாலையில் இதைத் 'தொகுதி முறை' என்போம். அந்நியர்கள் ஒன்றாக உட்கார்ந்தது இப்படித்தான், அட்டவணையில் கட்டம் நிரப்புகிற வேலையாக. நட்பு அதன் துணைவிளைபொருள்.

காசு இருந்தவர்கள் இதிலிருந்து கழன்றுகொள்ளவே பார்த்தார்கள். 1905-இல் ஹாம்பர்க்-அமெரிக்கா நிறுவனத்தின் 'அமெரிக்கா' கப்பலில் ரிட்ஸ் பெயரில் ஒரு தனி உணவகம் திறந்தது. கூடுதல் பணம் கொடுத்தால் பிடித்த நேரத்தில், பிடித்தவர்களோடு மட்டும், பிடித்ததைச் சாப்பிடலாம். இதற்குப் பின்னால் இருந்தவர் அந்த நிறுவனத்தின் தலைவர் ஆல்பர்ட் பாலின். 1891-இல் 'அவுகுஸ்தா விக்டோரியா' கப்பலை மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பயணம் அனுப்பி, இன்றைய குரூஸ் தொழிலுக்கே பிள்ளையார் சுழி போட்டவரும் அவர்தான். 1912-இல் டைட்டானிக்கில் இந்தப் பிரிவு தெளிவாகத் தெரிகிறது. முதல் வகுப்பில் சிறு மேசைகள், தனியாக ஓர் உணவகம். இரண்டாம், மூன்றாம் வகுப்புகளில் நீண்ட மேசைகள். பணம் குறையக் குறைய மேசை நீளமாகிக்கொண்டே போகிறது. இதற்கு ஒரே விதிவிலக்கு கேப்டனின் மேசை. அங்கே அந்நியர்களோடு உட்காரப் பணக்காரர்கள் போட்டி போட்டார்கள்.

நம்மவர்களுக்கு இந்த மேசை சுலபமாக இருக்கவில்லை. 1888 செப்டம்பரில் பம்பாயிலிருந்து 'கிளைடு' கப்பலில் லண்டனுக்குப் புறப்பட்ட பதினெட்டு வயது காந்தி, அந்த மேசைக்குப் போகவே தயங்கினார். கத்தி முள்கரண்டி பிடிக்கத் தெரியாது, எதில் இறைச்சி இருக்கிறது என்று கேட்கக் கூச்சம், ஆங்கிலம் பேசவும் கூச்சம். ஊரிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழங்களையும் அறைக்குள்ளேயே வைத்துச் சாப்பிட்டார் என்று சுயசரிதையில் சொல்கிறார். கடல் தாண்டுகிறான் என்று அவருடைய சாதியார் புறப்படும் முன்பே அவரைத் தள்ளிவைத்திருந்தார்கள். ஊரில் உறவுகளோடு சேர்ந்து உண்ண முடியாது, கப்பலில் மற்றவர்களோடு சேர்ந்து உண்ணத் தெரியாது. சொந்த அனுபவம் இல்லாவிட்டாலும் அந்த அறைக்குள் இருந்த பையனை என்னால் பார்க்க முடிகிறது. முதன்முதலாக வெள்ளைத் துணி விரித்த மேசையில் மூன்று சோடி கரண்டியைப் பார்க்கிறபோது நம்மில் யாருக்கும் லேசாக வேர்க்கும்.

மலாயாவுக்கு வந்த நம் ஆட்களுக்கோ மேசையே கிடையாது. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட 'ரஜூலா' சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. தளப் பயணி என்றால் அறை இல்லை, கட்டில் இல்லை. பாய் விரித்த இடம்தான் வீடு. சமையலறைகள் இந்துக்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று. என் பாட்டி கல்யாணமான கையோடு அதில் வந்தவர். கப்பல் சோற்றைப் பற்றி அவருக்கு நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. "ஆனா பக்கத்துப் பாயில ஒரு திருவாரூர்க்காரம்மா இருந்துச்சு. அது எலுமிச்ச ஊறுகா, நா கொண்டாந்த புளிச்சோறு. எந்த ஊரு, என்ன ஆளுங்கன்னு ரெண்டாம் நாளு கேக்க ஆரம்பிச்சிச்சி. அதுக்குள்ள ஊறுகா பாதி காலி" என்பார். சாதி கேட்கும் முன்பே சோறு பரிமாறப்பட்டுவிட்டது. அந்தம்மாவின் பெயர் பாட்டிக்கு நினைவில்லை. ஊறுகாய் ஜாடியின் மூடி உடைந்திருந்தது நினைவிருக்கிறது.

நம் பந்தி முறையிலும் அந்நியர் பக்கத்தில் உட்காருவது உண்டு. ஆனால் பந்தியில் எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து உட்காருகிறோம். பக்கத்து இலைக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பந்தியிலும் யார் யாரோடு என்பது எவ்வளவு பெரிய சண்டை என்பதற்கு 1920-களின் சேரன்மாதேவி குருகுல விவகாரம் ஒன்று போதும். மேசை வேறு மாதிரி. எதிரில் ஒரு முகம் வைத்துவிடுகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விமானம் வந்தது, கடல் கடக்கும் கப்பல்கள் காலியாயின. எஞ்சியவை உல்லாசக் கப்பல்களாக மாறின. அவசரம் போய்விட்டது, ஆனாலும் இரண்டு பந்தியும் எட்டுப் பேர் மேசையும் அப்படியே தொடர்ந்தன. கணக்கு மாறவில்லையே. இன்றும் சில நிறுவனங்கள் இந்தப் பழைய முறையை ஒரு தேர்வாக விட்டுவைத்திருக்கின்றன. சில வருடங்களுக்கு முன் நானும் உடன் வேலை செய்யும் நண்பன் ஒருவனும் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, பூக்கெட் போய்வரும் நான்கு இரவுப் பயணத்தில் அதைத்தான் எடுத்தோம். விலை வித்தியாசம் இல்லை, கிடைத்தது அதுதான்.

இரண்டாம் பந்தி, எட்டுப் பேர் மேசை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி, ஓய்வுபெற்ற ஓர் ஆஸ்திரேலியத் தம்பதி, தனியாக வந்த ஒரு பினாங்குச் சீன ஆன்ட்டி, நாங்கள் இருவர். ஒரு நாற்காலி கடைசிவரை காலி. முதல் இரவு எல்லோரும் மெனு அட்டையை வேதம்போலப் படித்துக்கொண்டிருந்தோம். கோவைக்காரர்தான் ஆரம்பித்தார். "ஏனுங்க தம்பி, நீங்க மலேசியாவுங்களா? இதுல முட்டை இல்லாதது எதுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?" அவர் கேட்டது காந்தி கேட்கக் கூசிய அதே கேள்வி. இவருக்குக் கூச்சமில்லை, மேசையில் தமிழ் பேச ஆள் இருந்தது.

எங்களுக்கு முன்பே சீன ஆன்ட்டி பதில் சொன்னார், தமிழில். "இது சாப்புடு. அது வேணாம்." மேசையே திரும்பியது. அவர் சுங்கை பட்டாணிப் பக்கம் தோட்ட மருத்துவமனையில் இருபது வருடங்களுக்கு மேல் தாதியாக இருந்தவராம். அவருக்குத் தெரிந்த தமிழ் முழுக்க மருத்துவமனைத் தமிழ், அதுவும் கட்டளைத் தமிழ். "வாய் தொற", "எங்க வலிக்கி", "பயப்படாத", "புள்ள எத்தன மாசம்". அதை வைத்துக்கொண்டே நான்கு இரவும் எங்களை மேய்த்தார். கோவை அம்மாவின் மூட்டு வலியை விசாரித்தார். என் நண்பன் மூன்றாவது ஐஸ்கிரீம் கேட்டபோது "போதும், வயிறு வலிக்கி" என்றார். ஆஸ்திரேலியருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

மூன்றாம் இரவு கோவை அம்மா பரிமாறுகிறவரிடம் தயிரும் வெறும் சோறும் கேட்டு வாங்கி, மேசையிலேயே பிசைந்து எல்லோருக்கும் ஒரு கரண்டி வைத்தார். ஆஸ்திரேலிய அம்மா அதைக் கடைசியில் வரும் இனிப்பு என்று நினைத்து உப்பு பட்டதும் முழித்தார். பிறகு இன்னொரு கரண்டி கேட்டார். பினாங்கில் கப்பல் நின்ற பகலில் ஆன்ட்டி எங்களைத் தன் வழக்கமான கடைக்குக் கூட்டிப்போய் செண்டோல் வாங்கித் தந்தார். காசு கொடுக்க விடவில்லை. இவர்களில் ஒருவரையும் நானாகத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன். படிவத்தில் "யாரோடு உட்கார விருப்பம்" என்று கேட்டிருந்தால் "நண்பனோடு மட்டும்" என்று எழுதியிருப்பேன்.

அப்படி எழுதும் வசதியைப் பெரிய அளவில் கொண்டுவந்ததில்தான் நம் ஊர் வருகிறது. கெந்திங் குழுமம் 1993-இல் ஸ்டார் குரூசஸைத் தொடங்கியது. கிள்ளானுக்குப் பக்கத்தில் பூலாவ் இண்டாவில் தனி முனையமே கட்டினார்கள். ஆசியப் பயணிகள் தாத்தா பாட்டி பிள்ளைகள் என்று கூட்டமாக வருகிறவர்கள். அவர்களை இரண்டு பந்தியில், தெரியாதவர் மேசையில் அடைப்பது நடக்காத காரியம். அந்தக் கப்பல்களில் பல உணவகங்கள் வைத்து, விரும்பிய நேரத்தில் விரும்பிய இடத்தில் சாப்பிடவிட்டார்கள். 2000-இல் ஸ்டார் குரூசஸ் நார்வீஜியன் குரூஸ் லைனை வாங்கியது. அதே ஆண்டு நார்வீஜியன் 'ஃப்ரீஸ்டைல்' என்ற பெயரில் மேசை எண்ணையும் பந்தி நேரத்தையும் எடுத்துவிட்டது. ஸ்டார் தனக்கென்று கட்டச் சொல்லியிருந்த ஒரு கப்பல் 2001-இல் 'நார்வீஜியன் ஸ்டார்' என்ற பெயரில் அந்த நிறுவனத்துக்கே போனது. மற்ற பெரிய நிறுவனங்களும் பத்து வருடத்துக்குள் ஏதாவது ஒரு வடிவில் இதைப் பின்பற்றின.

இதில் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. என் அம்மா அப்பாவை அழைத்துப்போனால் நானும் குடும்ப மேசைதான் கேட்பேன். அப்பாவுக்கு அந்நியர் முன்னால் கையால் சாப்பிட முடியாது என்பதே பெரிய தண்டனை. பந்தி போனதும் கணக்கும் சிக்கலானது. எந்த உணவகத்தில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று காட்டக் கப்பலுக்குள் திரைகள் வைக்கவேண்டி வந்தது. தொகுதி முறையை விட்டுத் தொடர் ஓட்டத்துக்கு மாறும் எந்தத் தொழிற்சாலையும் படும் பாடுதான்.

2014-இல் ராயல் கரீபியன் 'குவாண்டம் ஆஃப் த சீஸ்' கப்பலில் ஒருபடி மேலே போய், பொதுவான பெரிய சாப்பாட்டுக் கூடத்தையே நீக்கிப் பல தனி உணவகங்களாகப் பிரித்தது. பழைய பயணிகள் முணுமுணுத்தார்கள். தினமும் அதே பரிமாறுகிறவரும் அதே மேசைத் தோழர்களும் வேண்டும் என்றவர்களுக்காகப் பழைய முறையை ஒரு தேர்வாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளில் புதிய முறையையே கைவிட்டார்கள். ஸ்டார் குரூசஸின் தாய் நிறுவனமான கெந்திங் ஹாங்காங் 2022-இல் நொடித்துப்போனது.

இப்போது பெரும்பாலான கப்பல்களில் வாசலில் நிற்பவர் "மேசையைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதமா?" என்று கேட்கிறார். பெரும்பாலோர் இருவர் மேசைதான் கேட்கிறார்கள். அதனால் சுவரோரமாக இருவர் மேசைகளை வரிசையாகப் போட்டுவிடுகிறார்கள். இடம் போதாது, ஆகவே ஒரு மேசைக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு கை அகலம்கூட இருப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் என்ன சாப்பிடுகிறார் என்பது தெரியும், என்ன பேசுகிறார் என்பதும் கேட்கும். இரண்டாம் நாளுக்குள் யாராவது ஒருவர் உப்புக் குப்பியைக் கேட்டுக் கையை நீட்டிவிடுகிறார்.