அசையும் படத்திற்கு ஒரு பொது அளவு

35 மில்லிமீட்டர் அகலச் சுருளைத் திரைப்பட உலகம் பொது அளவாக ஏற்றமையால், ஒரு நாட்டில் எடுத்த படம் மற்றொரு நாட்டின் கொட்டகையிலும் தடையின்றி ஓடிற்று. இணையத்திலோ அத்தகைய பொது அளவு எளிதில் கிட்டவில்லை. அவ்வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

அசையும் படம் இடத்தை மிகுதியாக விழுங்குவது. ஆதலின் அதனைக் கணக்கு முறையால் சுருக்கி அனுப்பி, பெறுமிடத்தில் விரிக்கின்றனர். சுருக்கிய முறையை அறியாத உலாவி படத்தை விரிக்கமாட்டாது. முன்னர் ஃபிளாஷ் என்னும் துணை மென்பொருள் இப்பணியைச் செய்தது. 2005-இல் தோன்றிய யூடியூபும் அதனையே நம்பியிருந்தது. 2007-இல் ஓப்பரா நிறுவனத்தார், உலாவியே படத்தைக் காட்டுவதற்கென ஒரு குறியை முன்மொழிந்தனர். குறியைப் பிற உலாவியினரும் ஏற்றனர். சுருக்கும் முறையில்தான் பூசல் மூண்டது.

2003-இல் வெளிவந்த எச்.264 திறன் மிக்கது. ஆயின் பலருடைய கண்டுபிடிப்புக் காப்புரிமைகளுக்கு உட்பட்டது. ஆப்பிளின் சஃபாரி அதனை ஏற்றது. மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ், 2009-இல் கட்டணமற்ற தியோராவை ஏற்றது. இலவசமாக வழங்கும் உலாவிக்கு உரிமைக் கட்டணம் செலுத்துவது எங்ஙனம் என்பது ஒரு தரப்பின் வினா. கட்டணமற்றது எனப்படும் முறையிலும் மறைந்த காப்புரிமை ஏதேனும் பின்னர் வழக்காக வெடிக்குமோ என்பது மறுதரப்பின் அச்சம். 2010-இல் கூகுள் வி.பி.8 முறையைக் கட்டணமின்றி வழங்கியும் பூசல் ஓயவில்லை.

இதற்கிடையே கைப்பேசிகளின் சில்லுகளிலேயே எச்.264 இடம்பெற்றுவிட்டது. 2012-இல் மொசில்லாவும் இணங்கிற்று. 2014-இல் எச்.டி.எம்.எல். 5 தரநிலை நிறைவெய்தியபோது, அதில் எந்த முறையும் கட்டாயமாக்கப்படவில்லை. ஆணை செய்யாததை வழக்கம் செய்துவிட்டது.

இதன் விளைவை நம் இல்லங்களிலும் காண்கிறோம். வீட்டுக் கணினியில் சேமித்த படம் உலாவி அறியாத முறையில் இருப்பின், ஜெல்லிஃபின் போன்ற மென்பொருள் அதனை ஓடும்போதே வேறு முறைக்கு மாற்றித் தருகிறது. வலிமை குறைந்த கணினியாயின் படம் திக்கித் திக்கி ஓடுகிறது.

2015-இல் பல நிறுவனங்கள் கூடி அமைத்த கூட்டணி, 2018-இல் ஏ.வி.1 என்னும் கட்டணமற்ற முறையை வெளியிட்டது. போட்டியாளரும் ஒன்றுகூடியது நல்ல அறிகுறியே. நம் இல்லத்துத் திருமணக் காட்சிகளை நம் பேரரும் காண வேண்டுமாயின், அவற்றைத் திறக்கும் சாவி எவருடைய தனியுடைமையாகவும் இராதிருத்தல் வேண்டும்.