விசர்நாய்க்கடி வைரசும் கல வாங்கிகளும்

விசர்நாய்க்கடி நோயை உண்டாக்கும் ரேபிஸ் வைரசு, மனிதக் கலங்களின் மேற்பரப்பிலுள்ள வாங்கிகள் எனும் மூலக்கூறுகளைப் பற்றிக்கொண்டே உள்ளே நுழைகிறது. ஒவ்வொரு வைரசுக்கும் அதற்குப் பொருந்தும் வாங்கிகள் உண்டு. கொவிட்-19 வைரசு சுவாசப்பாதைக் கலங்களிலுள்ள ஏசிஈ2 வாங்கியை நாடுகிறது. ரேபிஸ் தேடுவது தசையையும் நரம்பையும்.

துப்பாக்கிக் குண்டு வடிவிலான இவ்வைரசின் கொழுப்புறை மீது, ஜீ எனப்படும் கிளைக்கோபுரதம் முட்களாக நீண்டு நிற்கிறது. நாயின் உமிழ்நீரோடு காயத்துக்குள் இறங்கும் வைரசு, நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்திலுள்ள நிக்கொட்டினிக் அசற்றைல்கோலின் வாங்கியில் ஒட்டுகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் தோமஸ் லென்ட்சும் குழுவினரும் 1982இல் இதை வெளியிட்டனர். கட்டுவிரியன் இனப் பாம்பொன்றின் நஞ்சிலிருந்து பிரித்த நச்சுப்புரதத்தைத் தசைக்கலங்களுக்கு முன்கூட்டியே கொடுத்தபோது தொற்று குறைந்தது. நஞ்சும் வைரசும் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டன. ஜீ புரதத்தின் ஒரு பகுதி பாம்பு நஞ்சின் அமைப்பை ஒத்திருப்பது பின்னர் தெரியவந்தது. வைரசு ஆய்வின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் இதுவும் ஒன்று.

ஒட்டிய வைரசைக் கலம் ஒரு சிறு பைக்குள் உள்ளிழுக்கிறது. பைக்குள் அமிலத்தன்மை கூடியதும் ஜீ புரதம் உருமாறி, வைரசின் உறையைப் பையின் மென்சவ்வோடு இணைத்துவிடுகிறது. நரம்புக்கலத்திலோ, இவ்விணைவுக்கு முன்பே அப்பை வைரசைச் சுமந்து நரம்பிழை வழியே முண்ணாணையும் மூளையையும் நோக்கிப் பயணிக்கிறது. அறிகுறி தோன்றப் பெரும்பாலும் 1 முதல் 3 மாதங்கள் ஆகும். தோன்றியபின் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை.

இலங்கையில் 1973இல் 377 பேர் இந்நோயால் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் திட்டத்தால் அண்மைக் காலத்தில் இது ஆண்டுக்கு 20 முதல் 30 பேரளவுக்குக் குறைந்துள்ளது. எனினும் நானுஓயாவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் நாய்கள் லயத்து வாசலிலேயே பிள்ளைகளோடு வளர்கின்றன. நகக்கீறலையும் சிறு கடியையும் ஒருபோதும் அற்பமாக எண்ணலாகாது. காயத்தில் மஞ்சளோ மிளகாய்த்தூளோ சுண்ணாம்போ வைக்கக்கூடாது. உடனே பீலித் தண்ணீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவவேண்டும். சவர்க்காரம் வைரசின் கொழுப்புறையைக் கரைத்துவிடும். அடுத்து, தாமதமின்றி அரச வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அங்கு தடுப்பூசி இலவசம்.

கடி கடுமையானதாயின் பிறபொருளெதிரி மருந்தைக் காயத்தைச் சுற்றியே ஏற்றுவர். அது ஜீ முட்களைப் போர்த்தி, வைரசு வாங்கியைத் தொடாமல் தடுக்கிறது. தடுப்பூசியால் உடல் தானே பிறபொருளெதிரிகளை உருவாக்க ஒரு வாரத்துக்கு மேலாகும். அதுவரை காவல் இம்மருந்துதான்.

வாங்கியையே மருந்தால் மூடிவிடுவது எளிதன்று. ஏனெனில் என்கெம், பீ75 எனும் வேறு வாங்கிகளையும் இவ்வைரசு பயன்படுத்துகிறது. பீ75 வாங்கியில் ஒட்டமுடியாதபடி மாற்றப்பட்ட வைரசும்கூட எலிகளில் நோயை உண்டாக்கியது.