கம்பவுண்டர் வழி

1948 மார்ச் முதல் வாரத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்றை எங்கள் ஊரே பேசியது. தொண்டைமான்களின் புதுக்கோட்டை சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தின் ஒரு துண்டாகிவிட்டது. மற்றதை ஊரில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மார்ச் 4 தேதியிட்டு, டெல்லியில் பார்மசி சட்டம் பிறந்தது. அதன் 31ஆம் பிரிவில் இன்று படித்தால் வியப்பாக இருக்கும் ஒரு சலுகை உண்டு. ஆஸ்பத்திரியிலோ டிஸ்பென்சரியிலோ ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் மருந்து கலந்து கொடுத்தவர், டிகிரியோ டிப்ளமோவோ இல்லாவிட்டாலும், முதல் பதிவேட்டில் பார்மசிஸ்ட் ஆகலாம்.

என் சின்னத் தாத்தா அப்படிப் பதிவானவர். கீரனூரில் ஒரு டாக்டரிடம் பையனாகச் சேர்ந்து, பாட்டில் கழுவி, கல்வத்தில் பொடி அரைத்து, ஒருநாள் அளவுக் குவளையைக் கையில் வாங்கியவர். டாக்டர் சீட்டில் கிறுக்கும் லத்தீன் சுருக்கங்கள் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை. அவுன்ஸ், டிராம், மினிம் எல்லாம் விரலில் இருக்கும். நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவரும் பாட்டிலில் சிவப்பு மிக்சரை ஊற்றி, வேளைக்கு ஒரு பல்லாகக் கத்தரித்த காகிதப் பட்டையைப் பக்கவாட்டில் ஒட்டுவார். எழுதப் படிக்கத் தெரியாத கிழவியும் அந்தப் பல்லைப் பார்த்துக் குடித்துவிடுவாள். ஊருக்கு அவர் கடைசிவரை "கம்பவுண்டரய்யா"தான். பார்மசிஸ்ட் என்று யாரும் கூப்பிட்டதில்லை.

சட்டம் அவரை உள்ளே விட்டது பெருந்தன்மையால் என்று நான் நினைக்கவில்லை. வேறு ஆள் இல்லை. மகாதேவ லால் ஷிராஃப் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிப்பைத் தொடங்கியதே 1932இல்தான். அந்தச் சில பட்டதாரிகளை மட்டும் நம்பினால் பாதி டிஸ்பென்சரிகளைப் பூட்ட வேண்டியிருந்திருக்கும்.

தொழிற்சாலைப் பக்கமும் இதே கணக்குதான். 1945ஆம் வருஷத்து மருந்து விதிகளில் 71ஆவது விதி, உற்பத்தியை மேற்பார்க்கத் தகுதியானவர் யார் என்று சொல்கிறது. மருந்தியல் பட்டம் என்றால் பதினெட்டு மாத அனுபவம் போதும். வேதியியலை முதன்மைப் பாடமாகப் படித்தவருக்கு மூன்று வருஷம். அதாவது பார்மசி படிக்காத குறையைப் பட்டறையில் நின்று தீர்த்துக்கொள்ளலாம். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் முடித்த நான் ஆலத்தூர்ப் பக்கம் மாத்திரை கம்பெனியில் நுழைந்தது இந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான். கிரானுலேஷனில் ஈரமாவை உள்ளங்கையில் பிடித்து, உருண்டை பிசுபிசுக்காமல் உடைகிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தவர், பத்தாம் வகுப்பு படித்த ஆபரேட்டர் அண்ணன்.

பிறகு தொழிலே மாறியது. பாக்டீரியாவைக் கொண்டு செய்த மனித இன்சுலினுக்கு 1982இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1986இல் டெல்லியில் உயிர்த்தொழில்நுட்பத் துறை. முதலிலேயே எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி தொடங்கிய சில பல்கலைக்கழகங்களில் மதுரை காமராசரும் ஒன்று. 1997இல் ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ், ஈஸ்ட்டைக் கொண்டு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைச் செய்து விற்றது. அதன் நிறுவனர் வரப்பிரசாத் ரெட்டி ஒரு எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். இந்தச் செய்தி எங்கள் மாத்திரைக் கூடத்தில் பலருக்கு ஆறுதல், சிலருக்கு எரிச்சல்.

மாத்திரையில் மூலக்கூறு சிறியது. எப்படிச் செய்தாலும் கடைசியில் சோதித்து இதுதானா என்று சொல்லிவிடலாம். உயிருள்ள செல்லிடமிருந்து வாங்கும் புரதம் அப்படி அடங்காது. வெப்பம், பி.எச்., கரைந்த ஆக்சிஜன் இவற்றில் கொஞ்சம் பிசகினாலும் சரக்கே வேறாகலாம். படிக்காமல் இதில் இறங்க முடியாது. வேலையை விட்டுப் படிக்க வீட்டு நிலைமை இடம் கொடுக்காது. பார்மசியைத் தபாலில் படிக்க விதி அனுமதிப்பதில்லை, அது சரிதான். வேலையில் இருப்பவர்களுக்கென்று பிலானி பிட்ஸ் 1979இலேயே ஒரு பிரிவைத் தொடங்கியிருந்தது. அந்த மாதிரி ஒரு வார இறுதி வகுப்பில் நானும் சேர்ந்தேன். நைட் ஷிப்ட் முடித்த கண்ணோடு சனிக்கிழமை காலை வகுப்பு.

அங்கே பாதிப் பேர் என்னைப் போலப் பிளாண்ட் ஆட்கள். செல் வளர்க்கும் ஃபெர்மென்டரில் நுரை கட்டுவதைப் பற்றிப் பேராசிரியர் பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தபோது, பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "சார், நுரை மேல ஏறிட்டா மீட்டரை அப்புறம் பாக்கலாம். முதல்ல எக்ஸாஸ்ட் ஃபில்டரைப் பாக்கணும். அது நனைஞ்சு அடைச்சா பிரஷர் ஏறிடும்." பேராசிரியர் சாக்பீஸை வைத்துவிட்டு, "நீங்களே வந்து சொல்லுங்க" என்றார். அந்தப் படிப்பில் எனக்குப் பிடித்த வகுப்பு அதுதான்.

ஆனால் அனுபவத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் எனக்குத் தயக்கம் உண்டு. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இலிருந்து இருப்பது. கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் 1948இல் வந்தது. இரண்டின் தடுப்பூசி உரிமத்தையும், இமாசலத்துக் கசௌலி நிறுவனத்தின் உரிமத்தையும், நல்ல உற்பத்தி முறைகளுக்கு ஒத்துவரவில்லை என்று 2008 ஜனவரியில் மத்திய அரசு நிறுத்திவைத்தது. 2010இல்தான் நிறுத்தம் விலகியது. பொதுத்துறையை அப்படி ஒரேயடியாக முடக்கியது தவறு என்பது என் கருத்து. ஆனாலும் ஆய்வுக்கு வருபவர், எத்தனை வருஷமாகச் செய்கிறீர்கள் என்று கேட்க மாட்டார், பேட்ச் ரெக்கார்டைத்தான் கேட்பார் என்பதும் அப்போது எங்கள் எல்லோருக்கும் உறைத்தது.

தடுப்பூசி, சீரம் வகைகளுக்கு 76ஆவது விதி தனியாக இருக்கிறது. அதில் வேதியியலோடு நுண்ணுயிரியலையும் சேர்த்திருக்கிறார்கள், மூன்று வருஷ அனுபவம் அப்படியே. இப்போது நான் பயோடெக் பிளாண்டில் இருக்கிறேன். மருந்து கட்டுப்பாட்டுத் துறைக்குப் போன விண்ணப்பத்தில், தொழில்நுட்பப் பணியாளர் கட்டத்தில், வார இறுதியில் வாங்கிய சான்றிதழைக் கடைசி இணைப்பாகத்தான் வைத்தார்கள். தகுதி என்ற இடத்தில் ரெகுலேட்டரி பிரிவுப் பெண் தட்டச்சு செய்தது பழைய இரண்டு வரிகளைத்தான்: பி.எஸ்சி. வேதியியல், உற்பத்தி அனுபவம்.